நாலாவது டிராக்கில் ஒரு கீச்சொலி

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் 1990களில் வீட்டிலேயே கீபோர்டு வாசித்துப் பதிவு செய்த கேசட் ஒன்று பரணில் கிடைத்ததாம். டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு வருகிறது. திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கி ஓடுகிறது; கூடவே விடாமல் ஒரு கீச்சொலி. ‘கெட்டுப்போய்விட்டது, தூக்கிப் போடு என்கிறார்கள். உண்மையா?’ என்று கேட்கிறார்.

இல்லை ஐயா, கெடவில்லை. அந்தக் கீச்சொலியும் கோளாறு இல்லை. உங்கள் அண்ணன் வேண்டுமென்றே அதைப் பதிவு செய்திருக்கிறார். உங்கள் கையில் இருப்பது நாலு டிராக் ரெக்கார்டரில் பதிவான கேசட்.

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் இந்தப் பக்கத்துக்கு இரண்டு, அந்தப் பக்கத்துக்கு இரண்டு என்று நாலு கோடுகளாகத்தான் ஸ்டீரியோ இசை பதிவாகிறது. 1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் இந்த நாலையும் ஒரே திசையில் ஓடவிட்டு, நாலு தனித்தனி டிராக்காக ஆக்கியது. வேகத்தையும் இரட்டிப்பாக்கி, வினாடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடவைத்தது. அதன் பெயர் போர்ட்டாஸ்டுடியோ 144. அறுபது நிமிடக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் பிடிக்கும். ஆனால் முதல் டிராக்கைக் கேட்டுக்கொண்டே இரண்டாவதில் வாசிக்கலாம், இரண்டையும் கேட்டுக்கொண்டு மூன்றாவதில் பாடலாம். மிக்ஸரும் அதே பெட்டிக்குள் இருந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தம் குழுவுக்குக் காட்டுவதற்காக நியூ ஜெர்சி வீட்டில் இந்த இயந்திரத்தில் பதிவு செய்த டெமோதான், 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பமாகவே வெளிவந்தது.

நானும் இப்படித்தான் தொடங்கினேன். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை, வாசித்ததை நினைவில் வைத்துத் தானே திரும்ப வாசிக்கும் சீக்வென்ஸர் உள்ள கீபோர்டு, யாரோ விற்றுவிட்டுப்போன டிரம் மெஷின், நண்பரிடம் இரவல் வாங்கிய நாலு டிராக் ரெக்கார்டர். குரல் பதிவை ஊர் அடங்கிய பிறகுதான் வைத்துக்கொள்வோம். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவோம். பாடி முடிக்கும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும்.

இனி அந்தக் கீச்சொலிக்கு வருகிறேன். இத்தனை வருடம் கழித்தும் என்னை வியக்கவைப்பது அதுதான்.

இருப்பதே நாலு டிராக். அதில் ஒன்றை முழுசாக, யாருக்கும் கேட்கப்போகாத ஓர் ஒலிக்குக் கொடுத்துவிடுவார்கள். டிரம் மெஷினின் பின்பக்கம் ஒரு துளை இருக்கும். அதிலிருந்து இரண்டு சுருதிகள் மாறி மாறி, மிக வேகமாகத் துடிக்கும் ஒலி வெளிவரும். காதுக்கு அது கீச்சென்ற ஒற்றை இரைச்சல். இயந்திரத்துக்கோ அந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு தாளக் கணக்கு. பாட்டு முழு நீளத்துக்கும் அதை நாலாவது டிராக்கில் பதிவு செய்துவிட்டு, அதே டிராக்கின் ஒலியைத் திரும்ப டிரம் மெஷினுக்குள் செலுத்தினால், டேப் ஓடும்போது மெஷின் தானாக வாசிக்கும். டேப் நின்றால் நிற்கும். பெல்ட் தளர்ந்து நாடா சற்று மெதுவானால் தாளமும் மெதுவாகும்.

எங்கள் ஊர்க் கோயில் நாதஸ்வரக் குழுவில் தாளம் போடும் பெரியவர் ஒருவர் இருந்தார். தவில்காரர் எந்தக் கணக்கில் போய்ச் சுற்றினாலும் வந்து சேர வேண்டிய இடம் அவர் கையில் இருந்தது. நாலாவது டிராக்கின் வேலையும் அதுவே.

ஒரு டிராக்கை இழப்பதில் என்ன லாபம்? இங்கேதான் சூட்சுமம். டிரம்ஸை டேப்பில் பதிவு செய்யவே வேண்டாம். 1983இல் மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘மிடி’ முறை வந்தபிறகு சீக்வென்ஸரில் போட்டு வைத்த பேஸ், ஸ்டிரிங்ஸ், மணி ஓசை எதையும் பதிவு செய்ய வேண்டாம். கடைசியில் மிக்ஸ் செய்யும் நேரத்தில் அந்தக் கருவிகள் எல்லாம் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நேராக வாசிக்கும், நாடாவின் இரைச்சல் துளியும் இல்லாமல். மீதி மூன்று டிராக்கும் குரலுக்கும் கிதாருக்கும் புல்லாங்குழலுக்கும். ஒரு டிராக்கைக் கொடுத்து ஒரு வாத்தியக் குழுவையே வாங்கிக்கொள்வது அது.

அதற்குப் பக்குவம் வேண்டும். கீச்சொலியின் அளவைக் கூட்டினால் பக்கத்து மூன்றாவது டிராக்கில் கசியும்; அதனால் அங்கே மென்மையான எதையும் வைக்க மாட்டோம். குறைத்தால், மலிவுக் கேசட்டில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கணக்கு தப்பும். ஒரு துடிப்பு தவறினாலும் அங்கிருந்து கடைசிவரை தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஆரம்ப கால மெஷின்களில் பாட்டின் நடுவிலிருந்து தொடங்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுதான் எங்களுக்குப் பாட்டின் முழு வடிவத்தையும் மனசில் வைத்துக்கொள்ளப் பழக்கியது. இன்றைக்குக் கணினியில் நூறு டிராக் கிடைக்கிறது. எதை வேண்டாம் என்று விடுவது என்ற தேர்ச்சி அதனால் வந்துவிடவில்லை.

என் மனத்தாங்கல் வேறு. அப்போது கேசட் கம்பெனிகளிலும் ஸ்டுடியோக்களிலும் கொடுத்த டெமோ கேசட்டுகளின் மேலேயே வேறு எதையாவது பதிவு செய்துகொள்வார்கள். வீடுகளில் மிஞ்சியவை பரணில் ஈரம் பிடித்து, பூஞ்சை படர்ந்து கிடக்கின்றன. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. தப்பிப் பிழைத்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் ‘மூக்’ சிந்தசைஸர் என்ற மின்னணு இசைக்கருவி ஒன்று வந்து இறங்கியது. இசைக் கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்டோர் அதில் செய்து பார்த்த இசை, பல பத்தாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் முடங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. நாடாக்கள் தப்பியதால் அந்த வரலாறு தப்பியது. ஒரு நிறுவனத்தின் அலமாரிக்கே இந்த நிலை என்றால், மாடி அறைகளில் பிறந்த இசைக்கு நாம்தான் பொறுப்பு.

காப்பாற்றுவது கடினமில்லை. முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். இனி யாரும் தவறுதலாக மேலே பதிவு செய்ய முடியாது. பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காமல், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாலு டிராக் ரெக்கார்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நல்ல ஸ்டீரியோ டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டு, டால்பி பொத்தானை அணைத்து, இரு பக்கங்களையும் கணினியில் ஏற்றுங்கள். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் இரண்டாம் பக்கத்தை முன்பின்னாகத் திருப்பி, இரண்டின் வேகத்தையும் இரட்டிப்பாக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நாலு டிராக்கும் ஒன்றாக ஒலிக்கும். பதிவு செய்தவர் உயிரோடு இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த டிராக்கில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்தத் தாளையும் கேசட்டோடு வையுங்கள். படியெடுத்தாயிற்று என்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.