கடன் வரலாறு இல்லாதோர்க்கும் வங்கிக் கணக்கு

வங்கியில் ஒருபோதும் கடன் பெறாத கமக்காரர், தமக்கு அங்கே கணக்குத் திறக்க இயலாதெனக் கருதுதல் தவறு. சேமிப்புக் கணக்குக்குக் கடன் வரலாறு வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டையையும், வதிவிடத்தை உறுதிசெய்யும் பத்திரத்தையும், வைப்பிலிடச் சிறு தொகையையும் கொண்டு செல்க.

1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம், பெற்ற கடன்களின் விபரங்களைப் பேணுகின்றது. கடன் பெறாதவர்க்கு அங்கே பதிவு இல்லாமை குறையன்று.

நெல்லும் மரக்கறியும் விற்ற பணத்தைப் போகந்தோறும் கணக்கிலிடுக. பின்னர் பயிர்க்கடன் கேட்குமிடத்து, உங்கள் வரவு செலவை அக்கணக்கே எடுத்துக்காட்டும். பெற்ற கடனைத் தவணை தவறாது செலுத்தின் நற்பதிவு உண்டாகும். விதைப்புக் காலத்தில் வியாபாரியிடம் முற்பணம் பெற்று, விளைவை அவர் கூறும் விலைக்கே கொடுக்கும் நிலையிலிருந்து விடுபட இதுவே முதற்படி.