பார்வைக் கோழி

சங்க காலத்து வேடன் மானைப் பிடிக்கப் பழக்கிய மான் ஒன்றைக் கட்டி வைப்பான். அந்த மானுக்குப் 'பார்வை' என்று பெயர். அமெரிக்காவில் வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்காரர்கள் புல்வெளியில் நட்டுவைக்கும் பொம்மைக் கோழிக்கும் இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும்.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு. கண்ணோ மிகக் கூர்மை. அந்தக் கண்ணை வைத்தே அதை ஏமாற்ற வேண்டியிருக்கிறது. இனச்சேர்க்கைக் காலத்தில் சேவல் ஓரிடத்தில் நின்று குரல் எழுப்பித் தோகை விரிக்கும். பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரரோ பெட்டையின் குரலில் கூப்பிட்டுச் சேவலை வரவழைக்கப் பார்க்கிறார். வந்த சேவலுக்குக் குரல் கேட்ட இடத்தில் பெட்டை தென்படவில்லை என்றால், துப்பாக்கிக்கு எட்டாத தொலைவிலேயே நின்றுவிடும்.

அதனால் முதலில் ஒரு பெட்டைப் பொம்மை. கழுத்தை விறைப்பாக நிமிர்த்தியது வேண்டாம். வான்கோழிக்கு அது ஆபத்தின் அறிகுறி. மேய்வதுபோல் தலை தாழ்ந்திருப்பது நல்லது. பக்கத்தில் ஓராண்டு இளஞ்சேவல் ஒன்றையும் வைப்பார்கள். பெரிய சேவலுக்கு அதைக் கண்டால் பொறுக்காது. நேராக அதன் முகத்துக்கு எதிரே போய் நிற்கும். ஆகவே இளஞ்சேவல் பொம்மையை 15, 20 மீட்டரில் வேட்டைக்காரரைப் பார்த்தபடி நடுவது வழக்கம். மோத வரும் சேவல் முதுகைக் காட்டும். விரிந்த தோகை அதன் கண்ணை மறைக்கும் நொடியில் துப்பாக்கியை உயர்த்தலாம். தோகை விரித்த பெரிய சேவல் பொம்மையை நான் எப்போதும் பரிந்துரைக்க மாட்டேன். உதைபட்டுப் பழகிய இரண்டு வயதுச் சேவல்கள் அதைக் கண்டாலே ஒதுங்கிப் போய்விடும்.

பொம்மையில் முக்கியம் தலை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஷைன், எட்கர் ஹேல் இருவரும் பெட்டைப் பொம்மையின் வால், கால், இறக்கை என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் குச்சியில் செருகிய தலை மட்டும் மிஞ்சியது. வளர்ப்புச் சேவல்கள் அப்போதும் அதன்முன் தோகை விரித்து ஆடின.

தத்ரூபமான பொம்மை மனிதரையும் ஏமாற்றும். சேவல் தலையின் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களைப் புதருக்குள் கண்ட இன்னொரு வேட்டைக்காரர் சுட்டுவிடக்கூடும். விரித்த தோகையைக் கையில் பிடித்தபடி தவழ்ந்து போகும் முறையைச் சில மாநிலங்கள் தடைசெய்திருக்கின்றன. எல்லா மாநிலங்களும் தடைசெய்ய வேண்டும். பொம்மையைப் பளிச்சென்ற ஆரஞ்சுப் பைக்குள் முழுவதும் மறைத்தே சுமக்க வேண்டும். உட்காரும்போது தோளைவிட அகலமான மரத்தில் முதுகு சாய்ந்திருக்க வேண்டும். வேறு ஆள் வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது. அசையாமல், வாய்விட்டு உரக்கப் பேச வேண்டும்.