ராத்திரி சூப்: கலோரியைப் பார்த்தது போதும், உப்பைப் பாருங்கள்

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பத்தரை, பதினோரு மணிக்கு வீடு வந்து சேர்கிறவர்கள் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் நாலு இட்லி உள்ளே போனாலே பலருக்கு நெஞ்சு கரிக்கும். வெறும் வயிற்றோடு படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஒரு கிண்ணம் காய்கறி சூப் குடித்துவிட்டுப் படுக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்வது நல்ல முடிவுதான். எடை ஏறுமே என்ற பயமும் இருக்காது. ஆனால் கலோரிக்குப் பயந்து சூப்புக்கு மாறியவர்களில் பெரும்பாலோர் உப்பை எண்ணிப் பார்ப்பதே இல்லை. எனக்குக் கவலை அதில்தான்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் குறைவாகவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. காலை இட்லி மாவில் தொடங்கி சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று வந்தால், நம் வீடுகள் பலவற்றில் அந்த அளவு பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். ராத்திரி சூப் அதற்கு மேல்தான் போய்ச் சேர்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயமில்லை.

கடையில் வாங்கும் சூப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் இருந்தே ஆக வேண்டும். அது நாள் அளவில் எத்தனை சதவீதம் என்பதையும் அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. ஒரு பரிமாறலுக்கு 700 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டரையால் பெருக்கினால் 1,750 மில்லிகிராம் உப்பு. பாக்கெட் நாலு பேருக்கு என்று எழுதியிருக்கும். பசியில் ஒருவரே பாதியைக் குடித்துவிட்டால் சோடியம் 1,400 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு, படுக்கப் போகிற நேரத்தில்!

அடுத்து, சேர்மானப் பட்டியல். எடை அதிகமுள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. மக்காச்சோள மாவும் சர்க்கரையும் உப்பும் முந்திக்கொண்டு, காய்கறி எங்கோ பின்னால் நின்றால் நீங்கள் வாங்குவது என்னவென்று தெரிந்துவிடும். இன்னொரு உரிமையும் உங்களுக்கு உண்டு. கேரட்டையோ காளானையோ பெயரிலும் படத்திலும் முன்னிறுத்தி விற்கிற பாக்கெட்டில் அந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பதைக் குறிப்பிட வேண்டும். நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட் சேர்த்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதில் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு சோடியம் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் போடும் 'கில்ட் ஃப்ரீ' (குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிடலாம்) என்ற வாசகத்துக்குச் சட்டத்தில் வரையறை எதுவும் கிடையாது. 'லோ சோடியம்' என்பதற்கு உண்டு: 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கக் கூடாது. இது 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளில் உள்ளது.

வீட்டில் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் நம் கையில். இரண்டு பேருக்கு ஒரு கை சுரைக்காய், ஒரு கேரட், நாலு பீன்ஸ், நாலு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, பாதித் தக்காளி, ஒன்றரை மேஜைக்கரண்டி பாசிப்பருப்பு போதும். மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். பாதியை மத்தால் கடைந்துவிட்டு மீதியைத் துண்டாகவே விடுங்கள். கெட்டியாக இருப்பதற்குப் பருப்பு போதும், கார்ன்ஃப்ளவர் வேண்டாம். மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்துத் தூவுங்கள். உப்பை அடுப்பை அணைத்த பிறகு, கால் தேக்கரண்டி அளந்து போடுங்கள். ஆளுக்கு 250 மில்லிகிராம் சோடியம்தான் வரும். நாக்குக்குப் போதவில்லை என்று தோன்றினால் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். நெஞ்சு கரிப்பவர்கள் தக்காளி, எலுமிச்சை, மிளகு மூன்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும், குடித்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது.

சிலருக்கு இந்த எளிய சூப்பே ஆபத்தாகலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு வெறும் சூப்போடு படுத்துவிட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கிவிடும். உடல் வியர்க்கும், நடுங்கும், படபடக்கும், பேச்சு குழறும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழைக்க வேண்டும். இரவு உணவை சூப்பாக மாற்றப் போகிறேன் என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் அளவை அவர் பார்த்துக்கொள்வார்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பலரைக் காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடச் சொல்கிறார்கள். காயில் உள்ள பொட்டாசியம் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதுதான் காரணம். சூப்பில் நாம் குடிப்பதே அந்தத் தண்ணீரை. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மீந்த சூப்பை அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுக் காலையில் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேகவைத்தும் சாகாத சில கிருமிகளின் வித்துகள் வெதுவெதுப்பில் பெருகும். அவற்றில் ஒருவகை உண்டாக்கும் நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

வெளியில் வாங்குகிறவர்கள் தூக்குவாளியை எடுத்துப் போங்கள். கொதிக்கும் சூப்பை பாலித்தீன் கவரில் கட்டித் தருவது உடம்புக்கும் ஆகாது, சட்டத்துக்கும் ஆகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடக்கம். தள்ளுவண்டிக்காரரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற வேண்டும். கடை பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட்டாக வேண்டும். சோடியம் எவ்வளவு என்று கேட்டாலும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கெட்டுப்போனது, கலப்படம், பொய் லேபிள் என்று சந்தேகம் வந்தால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். நுகர்வோர் உதவி எண் 1915. பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரத்துக்கு உட்பட்டதாக இல்லையென்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பில்லும் மருத்துவச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். வாந்தி வந்த பதற்றத்தில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண்ணும் தயாரித்த தேதியும் அதன் மேல்தான் இருக்கின்றன. மீதிச் சூப்பையும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், அதிகாரி வரும்போது கேட்பார்.