நாலாவது தூக்கம்

1983 ஆகஸ்ட் 26. புனேயில் பாரத் ஃபோர்ஜ் தொழிற்சாலை. காலை மணி 11.40. ஹெல்பர் ஒருத்தர் வேலை செய்கிற இடத்திலேயே ஓர் இரும்புத் தகட்டின் மேல் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். (ஃபோர்ஜிங் சத்தத்தில், அதுவும் இரும்பின் மேல் தூக்கம் வருகிறதென்றால் அது ஒரு வரம் சார்!) பிடித்தார்கள். என்கொயரி வைத்தார்கள். சீட்டைக் கிழித்தார்கள்.

லேபர் கோர்ட், 'தூங்கினதுக்குப் போய் டிஸ்மிஸ்ஸா? ரொம்ப ஜாஸ்தி' என்கிற தினுசில் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கேஸ் மெதுவாகப் படியேறி டெல்லி வரை போய், 2005 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. டிஸ்மிஸ் சரிதான்!

ஒரு தூக்கத்துக்கா இவ்வளவு? இல்லை. முன்பே மூன்று முறை தப்பு செய்து சின்னத் தண்டனையோடு தப்பித்தவர் அவர். இது நாலாவது.

சூட்சுமம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. 1946-ம் வருஷத்து ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ் சட்டத்தின் மாதிரி விதிகளில் 'நெக்லிஜென்ஸ்' என்று மொட்டையாகப் போடவில்லை. 'ஹேபிச்சுவல்' என்று முன்னால் ஒரு வார்த்தை. அதாவது கவனக்குறைவு வழக்கமாகிவிட்டிருக்க வேண்டும். எத்தனை தடவை செய்தால் வழக்கம்? அதை எழுதவில்லை. எழுதாததைக் கோர்ட்தான் நிரப்பிக்கொள்கிறது.

1979-ல் அஸ்ஸாம் அதிகாரி ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், திறமை போதாமலிருப்பதும் வேலையில் கோட்டைவிடுவதும் தானாகவே 'மிஸ்காண்டக்ட்' ஆகிவிடாது என்றது. அப்பாடா என்று உட்காராதீர்கள். அதே தீர்ப்பில் விதிவிலக்கும் உண்டு. எஞ்சினில் கோளாறு என்று கருவி காட்டியும் கவனிக்காத பைலட், ஒரு ரயில் நிற்கிற தண்டவாளத்தில் இன்னொன்றுக்கு சிக்னல் கொடுத்த கேபின்காரர், இவர்களுக்கெல்லாம் ஒரே தடவை போதும். பில்லில் ஒரு பூஜ்யம் கூடிப்போன நம்ம கிளார்க்கையும் பைலட்டையும் ஒரே தராசில் நிறுத்தமாட்டார்கள்.

இன்னொரு சமாசாரம். எந்தக் கம்பெனியும் இதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில்லை. குற்றச்சாட்டு என்னவென்று புரியும்படி சொல்ல வேண்டும். பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. இயற்கை நீதி என்பார்கள். விதிப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கோர்ட் இதைத் தேடும். பழைய மெமோக்களையும் கணக்கில் எடுத்துத்தான் தண்டனை என்றால், அதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். மைசூர் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 1963-லேயே வந்த தீர்ப்பு இது.

தண்டனை ஓவர் என்று பட்டால் குறைக்கும் அதிகாரம் 1971-ல் தொழில் தகராறு சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டம் போய் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. அதிகாரம் மட்டும் அதிலும் பத்திரமாக இருக்கிறது.

'அதெல்லாம் ஃபேக்டரிக்காரங்களுக்கு, நான் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன்' என்கிறீர்களா? தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் என்று 1947-லிருந்தே ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் கல்தா கொடுக்க முடியாது. என்கொயரியில் தப்பு நிரூபணமானால் மட்டும் நோட்டீஸ் வேண்டாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. அதனால்தானோ என்னவோ, சில இடங்களில் சம்பளத்தைத் தொடாமல் 'மேனேஜர்' பட்டம் மட்டும் தாராளமாக வழங்குகிறார்கள்! கவலை வேண்டாம். கோர்ட் விசிட்டிங் கார்டைப் பார்க்காது, நிஜமாகவே என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் பார்க்கும்.

நம் பையன்கள் கோட்டைவிடுவது மெமோவில்தான். 'இனி இப்படி நடக்காது, மன்னிக்கவும்' என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுகிறார்கள். சிஸ்டம் படுத்ததா, ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் பார்த்தாரா, எதுவும் அதில் இருக்காது. அந்தக் காகிதம் ஃபைலில் சமர்த்தாகத் தூங்கும். நாலு வருஷம் கழித்து என்கொயரியில் முதல் சாட்சியே அதுதான். அடுத்த முறை மெமோ வந்தால் தேதி போட்டு வாங்குங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பதிலின் நகல் ஒன்று வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.