முந்திரி: தோப்பு விவசாயியுடையது, விலை யாருடையது?

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி, விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி வட்டாரங்களின் செம்மண் மேடுகளில் சிறு விவசாயிகள் பலருக்கு முந்திரிதான் வாழ்வாதாரம். நெல்லுக்குத் தண்ணீர் எட்டாத மானாவாரி நிலத்திலும் அது காய்க்கும். ஆனால், கடையில் பருப்பு விற்கும் விலைக்கும் தோப்புக்காரர் கைக்கு வரும் பணத்துக்கும் இடையே பெரும் தூரம். ஏன்?

மூன்று மாத வருமானம்

மார்ச் முதல் மே வரைதான் அறுவடை. பள்ளிக் கட்டணம், கல்யாணச் செலவு, பழைய கடன் எல்லாவற்றுக்கும் இந்தக் கொட்டையே பதில் சொல்ல வேண்டும். பூக்கும் பருவத்தில் மழை பெய்தாலோ தேயிலைக் கொசு என்னும் பூச்சி தாக்கினாலோ பூ கருகிவிடும். மருந்தடிக்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவரால், கொட்டையைக் காயவைத்து, விலை ஏறும்வரை காத்திருக்க முடியாது. வியாபாரி சொன்னதே விலை.

ஆப்பிரிக்கக் கொட்டை

ஏறக்குறைய நான்கு கிலோ கொட்டையை உடைத்தால் ஒரு கிலோ பருப்பு கிடைக்கும். அவித்து, உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும்போதுதான் மதிப்பு கூடுகிறது. அந்த வேலை நடப்பது ஆலைகளில். உள்ளூர் விளைச்சல் போதாததால் ஐவரி கோஸ்ட், தான்சானியா, பெனின் போன்ற நாடுகளிலிருந்து கொட்டை வருகிறது. இதற்கான இறக்குமதி வரி 2018இல் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆலைகளுக்கு இது ஆதாயம். ஆனால், வெளிநாட்டுக் கொட்டை மலிவாக வந்து குவியும்போது உள்ளூர்க் கொட்டையின் விலையும் இறங்கும்.

மரம் விழுந்தால்

2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயல், இந்த வட்டாரத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. நெல்லில் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. முந்திரியிலோ ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும் நிறைவான விளைச்சலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஊடுபயிரான மணிலாவும் (நிலக்கடலை) உளுந்தும், கூலி வேலையும்தான் கஞ்சி ஊற்றும்.

என்ன செய்யலாம்?

விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்களால் விளைச்சலைக் கூட்ட முடியும். விற்பனைப் பேரத்தில் விவசாயியின் கை ஓங்க அது மட்டும் போதாது. கொட்டையை இருப்பு வைக்கக் கிடங்கு, அதன் பேரில் கடன், ஊர்தோறும் கூட்டாக உடைக்கும் சிறு கூடங்கள் வேண்டும். தமிழக அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட முந்திரி வாரியம் இவற்றில்தான் தொடங்க வேண்டும். கொட்டையாகவே விற்கும்வரை முந்திரி சிறு விவசாயியைப் பிழைக்க வைக்கும், முன்னேற விடாது.