திரும்பி வந்த கதை

சகோதரி, நீங்கள் அனுப்பிய சிறுகதை திரும்பி வந்துவிட்டதா? கோபத்தில் அதை அடுப்பில் போட்டுவிடாதீர்கள்! என்னோடு சற்று ஓசூர்ப் பக்கம் வாருங்கள்.

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளி என்ற சிற்றூர். 1878-ல் ராஜாஜி பிறந்தது அங்கேதான். எல்லையைத் தாண்டினால் கன்னட நாட்டின் மாலூர் தாலுகா. அங்குள்ள மாஸ்தி என்ற ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் மாஸ்தி வேங்கடேச அய்யங்கார். தாய்மொழி தமிழ், எழுதியதோ கன்னடம்! கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் அவருக்கு, 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு கிடைத்தது.

இருவரிடமும் நாம் கற்க வேண்டியது என்ன?

குடியால் ஒரு குடும்பம் குலைவதைச் சொல்வது ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'. அதில் அலங்காரம் இல்லை. எளிய சொல், நேரான வாக்கியம். மாஸ்தியின் வழி வேறு. திண்ணையில் அமர்ந்த பெரியவர், தமக்குத் தெரிந்ததை நிதானமாகச் சொல்வது போல இருக்கும்.

மாமியார் வைக்கும் ரசம் மணக்கிறதே, எப்படி? பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். நுரை கூடியதும் இறக்கிவிடுகிறார், கொதிக்க விடுவதில்லை. கதையும் அப்படித்தான். முதல் தடவை ரசித்துப் படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள். கதை எந்த இடத்தில் தொடங்குகிறது? துக்கத்தை ஆசிரியர் விவரிக்கிறாரா, ஒரு செயலால் காட்டுகிறாரா? எதைச் சொல்லாமல் விட்டார்? எங்கே இறக்கிவிட்டார்?

"இது காப்பியடிப்பதாகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது! 1929-ல் தொடங்கிய 'விமோசனம்' பத்திரிகையில் ராஜாஜியிடம் உதவியாசிரியராக இருந்தவர் கல்கி. இருவர் நடையிலும் தெளிவு உண்டு. ஆனால் கல்கியின் சிரிப்பு கல்கியுடையது! முறையைக் கற்கலாம், குரலைக் கடன் வாங்கக் கூடாது.

ஆகவே, புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் வாசலுக்கு வாருங்கள். இன்றைய ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பக்கத்து வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் தெலுங்கு. விடியுமுன் மகளை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, பஸ் மறையும் வரை தெருவில் நிற்கிறாள் ஒரு தாய். அவள் மனத்தில் என்ன ஓடுகிறது?

அதை ராஜாஜி எழுதவில்லை, மாஸ்தியும் எழுதவில்லை. அவளைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். நீங்களும் எழுதாவிட்டால், அந்தத் தாயின் கதை அவளோடேயே போய்விடும்.

திரும்பி வந்த கதையை வெளியே எடுங்கள், சகோதரி. பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள்!