கடல் கடந்தும் படிக்கலாம்

அம்பேத்கர் 1913-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று படித்தார். அதற்குப் பணம் ஏது? பரோடா மன்னர் உதவித்தொகை கொடுத்தார்.

இன்று அரசே உதவி செய்கிறது. திட்டத்தின் பெயர் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. மத்திய அரசு இதை நடத்துகிறது.

யாருக்குக் கிடைக்கும்?

பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடி இனத்தினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டு.

2024-25 விதிப்படி வயது 35-க்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது.

என்ன கிடைக்கும்?

முதுகலைப் படிப்புக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும் உதவி உண்டு. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் தருவார்கள்.

முன்பே என்ன செய்ய வேண்டும்?

நாடு முழுவதற்கும் 125 இடங்கள்தான். பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு. கடைசி நேரத்தில் ஓடினால் பயன் இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் தயாராக இருக்கட்டும். தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல் வரலாம். உங்கள் பிள்ளையின் சான்றிதழ்களை இன்றே எடுங்கள். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.